ஓட்டை போடாத பரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், உரமும் மருந்தும் வைக்கும் ஸ்டோரில் நான் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். றக்வானையில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ஒரு மணி நேரம். இறங்கும்போது தலை சுற்றாதவன்தான் எங்கள் ஊர்க்காரன். என் பெயர் செல்லத்துரை. அந்தப் பெயரைச் சொல்லி இங்கே யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, 'ஸ்டோர் ஐயா' என்பார்கள். ஐயா என்ற சொல்லுக்கு நான் பொருத்தமானவனா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இராஜகுமாரியின் கதை. என்னை விட்டுவிட்டு அதைச் சொல்ல ஆசைதான். ஆனால் சொல்ல முடியாதபடி நானே செய்து வைத்திருக்கிறேன்.

இராஜகுமாரி இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி, ஐம்பத்தைந்தில் கழற்றி வைத்தார். மகள் நிலுஷாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு புயல் மழையில் சவுக்கு மரம் முறிந்து கணவர் மேல் விழுந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் ஆண் என்று இருந்தது ஒரு காளைக் கன்றுதான். அதுவும் வளர்ந்ததும் போய்விட்டது. மிஞ்சியது அதன் தாய், ஒரு செவலைப் பசு. அந்தப் பசுவின் சாணியில்தான் இராஜகுமாரிக்குப் பேர் வந்தது. "பேருல ராஜகுமாரி, கையில சாணிச் சட்டி" என்று தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்குக் கோபமே வராது. "ஒங்க வீட்டுக் கறிச்சட்டியில வேகுற போஞ்சிக் காய கேட்டுப் பாரு, எந்தக் கை வளத்ததுன்னு" என்பார்.

ஆறேழு வருஷத்துக்கு முன்பு, தோட்டத்து மண்டபத்தில் திரவ உரம் செய்வது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். தேத்தண்ணியும் பனிஸ் ரொட்டியும் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் முப்பது பெண்கள் போனார்கள். பாடம் சிங்களத்தில் நடந்தது. எல்லோருக்கும் சிங்களம் தெரியும், ஆனாலும் கேட்டவர் இராஜகுமாரி ஒருவர்தான். பனிசைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டு அந்த அதிகாரியைப் பஸ்ஸைத் தவறவிட வைத்தார் என்று சொல்வார்கள்.

அடுத்த வாரமே தன் வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னாலிருந்த உடைந்த சிமெந்துத் தொட்டியைப் பூசி எடுத்தார். சாணியைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார். விடியற்காலையில் பசு எழுந்து நிற்கும் நேரம் பார்த்துச் சட்டி பிடித்து, அதன் மூத்திரத்தையும் சேர்த்தார். வேலியோரத்துக் கிளிசீரியா இலை, காட்டுச் சூரியகாந்தி இலை, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. காலையும் மாலையும் தேயிலை வாதுக் குச்சியால் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகவே கலக்குவார், கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. மேலே நுரை கட்டும், குமிழி விடும், நாற்றம் நாலு வீடு தாண்டும். பிறகு ஒரு நாள் நுரை அடங்கி, தண்ணீர் சாயம் ஏறிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, நாற்றம் போய் ஒரு புளித்த வாசம் வரும். அதுதான் பக்குவம்.

அந்த நாளை அவர் கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி விடுவதில்லை. அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு போடுவார். இருபத்தோரு கோடு ஆகும்வரை தோட்டத்தை நடத்தும் துரையே வந்து கேட்டாலும் ஒரு சொட்டு கிடைக்காது. ஆன பிறகு பழைய சேலைத் துணியில் வடித்து, ஒரு கோப்பைக்குப் பத்துக் கோப்பைத் தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்ததும் செடிக்கு விடுவார். பிறகு ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு, மறுபடி முதல் கோடு போடுவார்.

இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு, நாட்டுக்குள் இரசாயன உரம் வரக்கூடாது என்று சட்டம் வந்ததே, அப்போது என் ஸ்டோரில் உர மூட்டை இருந்த இடத்தில் எலி ஓடியது. பீலிக்கரையில் கிண்டல் செய்தவர்களெல்லாம் கேனைத் தூக்கிக்கொண்டு இராஜகுமாரி வீட்டு வாசலில் நின்றார்கள். கீழே நாட்டுப்புறத்திலிருந்து சிங்களச் சனங்களும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். "ராஜகுமாரி அக்கே, தியர பொஹொர டிக்கக் தென்ன" என்று கெஞ்சுவார்கள், கொஞ்சம் திரவ உரம் கொடுங்கள் என்று. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கொல கெனாவத?" என்பார். இலை கொண்டு வந்தாயா என்று அர்த்தம். ஒரு கேனுக்கு ஒரு கட்டுப் பச்சை இலை. அதற்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். வெறுங்கையோடு வந்தவர்களை, சிங்களவரானாலும் தமிழரானாலும், வேலிக்குத் திருப்பி அனுப்பி இலை ஒடித்து வரச் சொல்வார். அந்த ஒரு வருஷம் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. பேருக்கேற்ற நடை.

உரம் திரும்பி வந்ததும் கூட்டம் கலைந்தது. சனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை, மூட்டையைப் பிரித்துத் தூவுவது சுலபம். ஆனால் அவர் சுவரில் கோடு நிற்கவில்லை.

இனி நிலுஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஆறு வயது ஹர்ஷினியோடு நிலுஷா தாய்வீட்டில் இருந்தாள். பலாங்கொடையில் இருக்கும் ஒரு ஏஜென்டிடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பதிந்து, பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தாள். இராஜகுமாரிக்கு அந்தப் பேச்சே ஆகாது. எங்கள் தோட்டத்தில் தாய் வெளிநாட்டில் இருக்கப் பிள்ளைகள் வளர்ந்த வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகள்.

போன வருஷம், தேயிலை பட்டுப்போய்க் காடாகக் கிடந்த ஒரு துண்டு மலையை லயத்துச் சனங்கள் மரக்கறி போட எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னது. முதல் ஆளாக இராஜகுமாரி போய் நின்றார். அன்று ஸ்டோருக்கு வெளியே தாயும் மகளும் பேசியது எனக்குக் கேட்டது.

"ஒரே ஒரு போகம் பொறுத்துக்கடி. மாலு மிரிசும் தக்காளியும் போடுவோம். றக்வானக் கட முதலாளி எவ்வளவு குடுத்தாலும் எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. மருந்து படாத காயின்னா மனுசன் பறக்கிறாரு."

"காய் புடிக்கல்லன்னா?"

"என் சாணித்தண்ணிக்குப் புடிக்காத காயி எதுடி? அப்புடி புடிக்கல்லன்னா நீ போ. நான் மறிக்க மாட்டேன்."

"சரிம்மா. இந்தப் போகம் காய் புடிச்சா நான் போகல்ல. ஹர்ஷினி மேல சத்தியம்."

இவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருப்பதா இல்லையா என்பதைக் கறிமிளகாய்ச் செடிகளிடம் விட்டுவிட்டார்கள்.

தாயும் மகளும் அந்த மலையைக் கொத்திப் பாத்தி கட்டினார்கள். கறிமிளகாயைத்தான் எங்கள் ஆட்கள் சிங்களத்தில் மாலு மிரிஸ் என்பார்கள். பாத்திகளில் அதையும் தக்காளியையும் நட்டார்கள். வரம்பைச் சுற்றிச் சோளம், மண் கரையாமலிருக்க மேட்டோரத்தில் சேரைப் புல். சிமெந்துத் தொட்டித் தண்ணீர் விட்ட முதல் மாதம் செடிகள் நின்ற நிற்பைப் பார்க்கவே அந்தப் பக்கமாக நடந்து போவேன். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல் மினுங்கியது. நிலுஷா ஏஜென்டுக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள்.

தோட்டம் பெரிசு, தொட்டி சிறிசு. பூ விடும் நேரத்தில் உரம் பத்தாமல் போனது. ஒரு மழைநாள் காலையில் இராஜகுமாரி ஸ்டோருக்கு வந்தார்.

"ஐயா, ஒரு பரல் கெடைக்குங்களா?"

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூச்சிக்கும் களைக்கும் அடிக்கும் மருந்து வரும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களைப் பரல் என்போம். காலியானதும் அதில் மூன்று ஓட்டை போட்டு, யாரும் பாவிக்க முடியாதபடி செய்து, திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம். சட்டத்தைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்குப் பரல் என்பது சின்ன விஷயமல்ல. கூரைத் தண்ணீர் பிடிக்க, துணி ஊற வைக்க, கல்யாண வீட்டில் தண்ணீர் நிரப்ப. ஆகவே கல்யாணம், சாவு, வேலையிலிருந்து ஓய்வு என்று யார் வந்து தலையைச் சொறிந்தாலும், ஸ்டோர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரல் கொடுப்பார். எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். தைப்பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்து சேரும் பொங்கல் சட்டிகளுக்குக் காரணம் என் முகராசி என்றா நினைக்கிறீர்கள்? நான் ஓட்டை போட்ட பரல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அன்று கணக்குப் பார்க்க மேலிடத்து ஆட்கள் வந்திருந்தார்கள். நான் அவசரத்தில் இருந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்ற பரலைக் காட்டினேன்.

"இத எடுத்துக்கங்க. நல்லா கழுவிக்கங்க, என்னா?"

"கழுவாமலா? ஐயாவுக்குப் புண்ணியமா போகும். மொத காய் ஒங்க வீட்டுக்குத்தான்" என்று சொல்லிப் பரலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் போனார். தலை தெரியவில்லை. ஒரு நீலப் பரல் தானாக நடந்து போவது போல் இருந்தது. நான் சிரித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பரலில் வந்தது களை மருந்து. அடியில் ஒரு விரற்கடை அளவு மிச்சம் இருந்திருக்கலாம். இருந்ததா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

புதிய பரலில் உரம் ஊறத் தொடங்கியது. சுவரில் பத்தொன்பது கோடு ஆனபோது, மறுநாள் பெரிய மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். மழைக்கு முன் விட்டுவிட வேண்டும் என்று நிலுஷா அவசரப்படுத்தினாள். வாழ்க்கையில் முதன்முதலாக இராஜகுமாரி இரண்டு கோடு குறைவாக எடுத்து ஊற்றினார். வேருக்கும் விட்டார், பூ நிற்கட்டும் என்று இலைக்கும் தெளித்தார்.

மழை வரவே இல்லை. நாலாம் நாள் செடிகளின் குருத்து சுருண்டது. தண்டு கயிறு போல் முறுக்கிக்கொண்டது. இலைகள் ஒடுங்கி, விரலை மடக்கிக்கொண்ட கை போல் ஆகின. பிடித்த பிஞ்சுகளும் பூக்களும் கொட்டின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள், அது கண் முன்னால் நடந்தது. ஒரு வாரத்தில் அந்த மலை முழுவதும் முறுக்கிப் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தது.

விவசாய போதனாசிரியரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், மலை ஏறி வந்து பார்த்தார். வைரஸ் நோயாக இருக்கலாம், எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள் என்றார். செடியை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். இராஜகுமாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"வைரசும் இல்ல ஒன்னும் இல்ல. பக்குவம் ஆவுறதுக்கு முந்தி எடுத்தேன். சூட்டோட ஊத்திப்புட்டேன். என் கைதான் கருக்கிருச்சு."

"ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் ஆறுதல் சொன்னாள். நிலுஷா மட்டும் வரம்பில் உட்கார்ந்து, ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு தெரிஞ்சா மறுபடி நடலாம்மா. இன்னொரு போகம்கூட பொறுப்பேன். ஏன்னே தெரியாம எத நம்பி நடுறது? ஒங்க சாணித்தண்ணிய நம்பி ஒரு தரம் நட்டாச்சு."

இதை அவள் சொன்னபோது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நானும் ஒருவன். அப்போதுதான் வரம்பைப் பார்த்தேன். அதே உரத்தைக் குடித்த சோளம் நெஞ்சுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. சேரைப் புல்லுக்கும் ஒரு குறையும் இல்லை. புல் சாதி எல்லாம் பிழைத்திருந்தது, அகன்ற இலைச் செடி எல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷம் மருந்து அளந்து கொடுத்தவனுக்கு இதற்கு மேல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் முறுக்கிக் கொல்லும் மருந்து எது என்று எனக்குத் தெரியும். அது எந்தப் பரலில் வந்தது என்றும் தெரியும். மலை உச்சியில் அந்த நீலப் பரல் நின்றது. சுரண்டியும் போகாத லேபிள் பாதி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. சொன்னால் துரை கேட்பார், ஏன் ஓட்டை போடவில்லை என்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம். நாளைக்கு இராஜகுமாரியைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பினேன். நாளைக்கு என்பது ஒரு நல்ல பாய், அதில் கோழைகள் எல்லோரும் படுத்துக்கொள்ளலாம்.

அன்று பின்னேரமே நிலுஷா ஏஜென்டுக்குப் போன் செய்தாள். செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். புகை இரண்டு நாள் லயத்து மேல் நின்றது.

அவள் போன காலையில் நானும் பஸ் வரும் இடத்தில் இருந்தேன். ஸ்டோர் சாமானுக்காக நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹர்ஷினி தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இராஜகுமாரி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். நிலுஷா தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளைய பாத்துக்கங்க" என்றாள், அவ்வளவுதான். பஸ் முதல் வளைவில் மறைந்தது. எங்கள் பாதையில் பஸ் ஐந்து தரம் மறைந்து ஐந்து தரம் தெரியும். ஐந்தாவது தரமும் தெரிந்து மறைந்த பிறகுதான் இராஜகுமாரி திரும்பினார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டது போல் சிரித்தார்.

"ஒங்களுக்கு மொத காய் தாறேன்னு சொன்னேன் ஐயா. வாக்கு பொய்யாப் போச்சு."

நான் என்ன சொன்னேன்? "பரவால்ல" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் என் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அதன் பிறகு இராஜகுமாரி சாணி கரைக்கவில்லை. பசுவின் சாணியைப் பள்ளத்தில் கொட்டினார். நாட்டுப்புறத்து ஆட்கள் யாராவது இலைக்கட்டோடு வந்தால், "வேணாம் மஹத்தயா, என் கையில வெசம் ஏறிப்போச்சு" என்று திருப்பி அனுப்பினார். கைகளை ஓயாமல் கழுவுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. போன ஆனி மாதம் ஒரு நாள், கூரைத் தகடு அளப்பதற்காக அந்த லயத்துக்குப் போனேன். நல்ல மழை பெய்து வெறித்திருந்தது. இராஜகுமாரியின் வாசலில், கூரையின் பீலித் தகட்டின் கீழே, அந்த நீலப் பரல் நின்றது. மலையில் வேலை முடிந்ததல்லவா, வீட்டுக்குக் கொண்டு வந்து மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தார். ஹர்ஷினி ஒரு கல் மேல் ஏறி நின்று, ஜக்கால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஜக்கு தலைக்கு. அடுத்த ஜக்கை வாயில் வைத்தாள்.

நான் ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் நான் ஓடியதை லயத்துச் சனம் பார்த்தது. ஜக்கைப் பிடுங்கி எறிந்தேன், பிள்ளை வீறிட்டாள். வாசலில் கிடந்த அலவாங்குக் கடப்பாரையை எடுத்துப் பரலில் குத்தினேன். மூன்று ஓட்டை, சட்டப்படி. தண்ணீர் பீறிட்டு வாசலெல்லாம் ஓடியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இராஜகுமாரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "ஐயா! என்னா செய்றீங்க? தண்ணியெல்லாம் போகுதே!"

"போகட்டும். இதுல பிள்ளைய குளிக்க வெக்காதீங்க. இது களை மருந்து வந்த பரல்."

"அது தெரியுங்களே. நீங்கதானே கழுவிக்கச் சொன்னீங்க? சாம்பல் போட்டு, சவுக்காரம் போட்டு மூனு தரம் கழுவினேன்."

"கழுவினா போகாது ராஜகுமாரி. பிளாஸ்டிக்கிலயே ஊறியிருக்கும். ஒங்க மாலு மிரிச முறுக்கினது இதுதான். ஒங்க சாணித்தண்ணி இல்ல."

அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டி, முதலில் உள்ளங்கையை, அப்புறம் புறங்கையைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் முந்தி எடுத்ததால இல்லீங்களா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. சோளத்துக்கு ஒன்னும் ஆகல்லயே, பாக்கல்லயா? ஒங்க கையில ஒரு குத்தமும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ பேரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒன்றும் உறைத்ததில்லை. அந்த ஒரு நிமிஷ மலர்ச்சிதான் என்னைக் கொன்றது. ஏனென்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்.

"ஐயாவுக்கு எப்பங்க தெரிஞ்சது?"

"வெவசாய ஆபிசர் வந்து பாத்த அன்னைக்கி."

அவர் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அழுதுகொண்டிருந்த பிள்ளையை அணைத்துத் தலை துவட்டினார். உள்ளே போகும்போது திரும்பாமலே சொன்னார்:

"வெள்ளிக்கெழம பின்னேரம் நிலுஷா போன் எடுப்பா. நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா, என் கைய காப்பாத்திக்க சொல்றேன்னு நெனைப்பா."

அந்த வாரம் நான் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன நடவடிக்கை என்று இன்னும் கடிதம் வரவில்லை. அலவாங்கைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய், நான் கொடுத்த பரல்களை எல்லாம் குத்தினேன். ஸ்டோர் ஐயாவுக்குப் பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை போனேன். இராஜகுமாரி எனக்கு ஒரு முக்காலி போட்டு, தேத்தண்ணியும் கொடுத்தார். அந்த வீட்டில் அன்று தேத்தண்ணி குடித்தது போல் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்தார். மணி அடித்து, நிலுஷாவின் முகம் வந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள், பின்னால் வெள்ளை ஓடு பதித்த குசினி. என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

"ஐயா? அம்மாவுக்கு ஏதாச்சுங்களா?"

"அம்மா நல்லா இருக்காங்க நிலுஷா. நான்தான் ஒன்னு சொல்லணும்."

சொன்னேன். பரல், மிச்ச மருந்து, சோளம், புல், எல்லாம் சொன்னேன்.

"அப்ப அம்மா கையில குத்தம் இல்லீங்களா?"

"இல்ல."

"நான் பேசிப்புட்டேனே ஐயா. பஸ் ஏறும்போதுகூட அம்மா மொகத்த பாக்கல்லயே." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஐயாவுக்கு எப்ப தெரியும்?"

எனக்குப் பதிலாக, அடுப்படி வாசலில் நின்றபடி இராஜகுமாரி சொன்னார்:

"ஆபிசர் வந்த அன்னைக்கேடி. நீ ஏஜென்டுக்கு போன் போட்ட அன்னைக்கி."

போனைக் கையில் எடுத்து, கரி பிடித்த சுவர்ப் பக்கம் திருப்பிக் காட்டினார். சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. நான் அவற்றை வந்ததும் பார்த்தேன், மறுபடியும் உரம் போடத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

"இது சாணித்தண்ணிக்குப் போட்ட கோடு இல்ல. நீ ஏஜென்டுக்கு போன் போட்டதுல இருந்து பஸ் ஏறுற வரைக்கும், நீ வீட்டுல இருந்த நாளுக்கு ஒன்னா போட்டேன். தொடைக்க மனசு வரல்ல. நேத்து எண்ணிப் பாத்தேன் புள்ள. இருவத்தொன்னு இருக்கு." கடைசிக் கோட்டை விரலால் தொட்டார். "ஒரு பரல் போட்டு எடுத்திருக்கலாம்டி. ஐயா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னொரு தரம் ஊறப் போட்டு எடுத்திருக்கலாம்."

போனை மறுபடி எங்கள் பக்கம் திருப்பினார். நிலுஷாவின் உதடு மட்டும் அசைந்தது. அதற்குள் அந்த வீட்டில் யாரோ அவளை உரக்கக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களுடைய பாஷையில் ஏதோ பதில் சொன்னாள்.

"வெக்கிறேம்மா. கூப்பிடுறாங்க" என்றாள்.

விளையாடப் போயிருந்த ஹர்ஷினி, போன் சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். திரை கறுத்திருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மாயி, அம்மா இன்னும் இருக்காங்களா?"

"போயிட்டா" என்றார் இராஜகுமாரி.